28 அடியா, 32 அடியா?

எங்கள் படகுக்கு வயதாகிவிட்டது என்பதைக் கடைசியாக ஒப்புக்கொண்டவர் அப்பாதான். 2004 டிசம்பர் 26 அன்று கட்டுமரமும் வலைகளும் கடலோடு போன பிறகு, அடுத்த ஆண்டு நிவாரணமாக வந்த ஃபைபர் படகு அது. அந்தச் சமயத்தில் நாகப்பட்டினம் கரை நெடுக லாரி லாரியாகப் படகுகள் வந்து இறங்கின. அவசரத்தில் செய்தவை பல. சிலவற்றுக்கு இரண்டாம் வருடமே அடிவயிறு கிழிந்தது. எங்களுடையது தப்பித்தது. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, இன்று அதில் பழைய உடம்பு எது, ஒட்டு எது என்று தம்பிக்கே தெரியாது. ஆனால் போன ஐப்பசி அடைமழைக்குப் பிறகு எஞ்சின் மாட்டும் பின்பலகை ஆட்டம் கண்டது. ஃபைபருக்குள் வைத்து மூடியிருக்கும் ஒட்டுப்பலகை அது. ஏதோ ஒரு போல்ட் துளை வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கிறது; திருப்புளியால் குத்தினால் கறுப்பாகத் தூள் கொட்டுகிறது.

நான் மயிலாடுதுறையில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவள். கடலுக்குப் போவது தம்பி. ஆனாலும் படகு வாங்குவது என்று வந்தால் என் நகையும் அடகுக்குப் போகும் என்பதால், கருத்துச் சொல்ல எனக்கும் உரிமை உண்டு என்று முதலிலேயே அறிவித்துவிட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

தம்பியின் கனவு 32 அடிப் படகு. பெரியப்பா மகன், எங்கள் பெரிய அண்ணன், அப்படி ஒன்று வைத்திருக்கிறார். அதில் தூரம் போகலாம், வலை கூடுதலாக ஏற்றலாம், காற்று திரும்பினாலும் தாங்கும் என்பது தம்பியின் கட்சி. அப்பாவின் கட்சி 28 அடி. இருவரும் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பேசிப் பேசி, அம்மா குழம்பை வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவது வழக்கமாயிற்று. கடைசியில் அண்ணன்தான் வழி சொன்னார்: “சும்மா பேசாதீர்கள். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. எல்லோரும் ஒருநாள் என் படகில் வாருங்கள். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.”

மே மாதம் நல்ல மாதம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். எங்களைப் போன்ற ஃபைபர் படகுகளும் நாட்டுப் படகுகளும் கரையோரம் போய்வரத் தடை இல்லை. மீன் குறைவு, விலை அதிகம். கரையில் ஏலம் கூறும்போது அந்த இரண்டு மாதமும் வியாபாரிகள் நம்மைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள்.

“பொம்பளை ஏறினால் மீன் படாது” என்று என் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவள் நான். அதை நினைத்துக்கொண்டே ஏறினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனின் ஆள்கள் இருவர், அண்ணன், தம்பி, தம்பி மகன், அப்பா, நான். அதிகாலை நான்கு மணிக்குக் கரைக்காற்று மெல்ல முதுகில் தள்ள, படகு அலையைக் கடந்தது. வடக்கே பூம்புகார் கலங்கரை விளக்கம் மினுக்கிக்கொண்டிருந்தது. அப்பா அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், உட்கார்ந்துகொண்டார். ஜி.பி.எஸ். கருவியை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கரையில் இரண்டு பனைகள் எந்த இடத்தில் ஒன்றாகத் தெரிகின்றனவோ, அங்கே வலை இறக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அண்ணன் கருவியைப் பார்த்து நிறுத்தச் சொன்ன இடமும் அப்பா கைகாட்டிய இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

தங்கூசி வலையை (ஒற்றை நைலான் இழையில் பின்னிய வலை) இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில்தான் அப்பா கோலா வேட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கோலா என்பது பறக்கும் மீன். வைகாசி, ஆனியில் எங்கள் கடலுக்கு வரும். அந்தக் காலத்தில் கொழிஞ்சிச் செடியைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கட்டுமரத்தோடு மிதக்கவிடுவார்களாம். கோலா அந்தக் கட்டில் முட்டையிட வரும். மொய்த்துக்கொண்டு நிற்கும்போது வலையால் அள்ளிக்கொள்வது. ஆழ்கடலில், பாய் கட்டி, மரத்தின் மேலேயே பழைய சோறு. தம்பி மகன், “தாத்தா, படகுக்குள் தண்ணீர் வந்தால்?” என்று கேட்டான். “வரட்டும், போகட்டும். கட்டுமரத்தில் தண்ணீர் மேலே வரும், இடுக்கு வழியாகக் கீழே போகும். அது மூழ்காது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியாகக் காய வைப்போம். ஈரம் போனால் எடை போகும். அடுத்த நாள் நாலு பேர் தூக்கலாம்” என்றார். எந்தப் படகைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது எடையைத்தான். அது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

வலை ஏறும்போது கைவேலை மும்முரம். கிழங்கான் கொஞ்சம், சங்கரா கொஞ்சம், நீலக்கால் நண்டு நிறைய. நண்டு வலையில் மாட்டிக்கொண்டால் விடுவிப்பது பெரும் பாடு. கொடுக்கை நிமிர்த்தி, கண்ணியைப் பின்பக்கமாகத் தள்ளி, வலையும் அறாமல் நண்டின் காலும் ஒடியாமல் எடுக்க வேண்டும். கால் ஒடிந்த நண்டுக்கு விலை குறைவு. கெளுத்தி வந்தால் அப்பா முதலில் இடுக்கியை எடுப்பார். முதுகு முள்ளையும் பக்கத்து முள்களையும் ஒடித்த பிறகுதான் மீனில் கை வைப்பார். தம்பி மகன் அவசரப்பட்டுக் கை நீட்டியபோது மணிக்கட்டில் ஒரு தட்டு விழுந்தது. அவன் டிப்ளமோ படிக்கப் போகிறவன். இந்த வேலையில் தொடரப் போவதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவனைத் தவிர.

32 அடிப் படகு கடலில் சொகுசுதான், அதை மறுக்க மாட்டேன். நான் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. காலை எட்டரைக்கே தெற்கிலிருந்து காற்று எழும்பி நுரை கட்ட ஆரம்பித்தபோதும் அது அசராமல் வந்தது. தம்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். வழக்கில் பாதி ஜெயித்துவிட்ட முகம்.

மீதிப் பாதி கரையில் இருந்தது. பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே வரிசையாக இருக்கும் மீனவக் கிராமங்களில் ஒன்று எங்களுடையது. எங்களுக்கென்று துறைமுகம் கிடையாது. அலையைத் தாண்டி மணலில்தான் ஏற வேண்டும். பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முடிந்ததும் சிறிது நேரம் கடல் மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் விரைந்து ஓடிவந்து, எஞ்சினின் நீளவாலை, அதாவது நுனியில் விசிறி உள்ள நீளத் தண்டைத் தூக்கிக்கொண்டு, மணலில் மூக்கைப் பதிக்க வேண்டும். அண்ணன் அதைச் சரியாகச் செய்தார். ஆனால் படகு பாரம். மூக்கு மணலில் ஏறிவிட்டது. பின்பக்கம் தண்ணீரிலேயே நின்றது. டிராக்டர் வேறு ஒரு படகை இழுத்துக்கொண்டிருந்தது. அது வருவதற்குள் அடுத்த அலை வந்து படகைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்தைத் தாண்டி உள்ளே விழுந்தது. இரண்டு கூடை கவிழ்ந்து, பொறுக்கி எடுத்த நண்டில் பாதி தன் வீட்டுக்குப் போய்விட்டது. ஏழு பேர் தோள் கொடுத்தோம், நானும் சேலையைச் செருகிக்கொண்டு. அசையவில்லை. டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்த பிறகுதான் மேலே ஏறியது. அண்ணனுக்கு இது தினசரி. “இப்படித்தான், சில நாள் நடக்கும்” என்றார்.

அம்மா கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “உன் அண்ணனுக்கு ஆள் இருக்கிறது. உனக்கு யார் இருக்கிறார்கள்?”

அதுதான் விஷயம். தம்பியோடு தொடர்ந்து கடலுக்கு வருவது ஒரே ஒருவர், எங்கள் சித்தப்பா மகன். மூன்றாவது ஆளைப் பிடிப்பதற்கே நாளுக்கு நாள் அலைச்சல். ஊர்ப் பையன்களில் ஒருபகுதி வளைகுடாவில், ஒருபகுதி கேரளத்துப் படகுகளில். 32 அடிக்கு நான்கு ஐந்து பேர் வேண்டும். 28 அடி என்றால் மூன்று பேரோடு சமாளிக்கலாம். நான் வீட்டுக்கு வந்து தாளில் எழுதிக் காட்டினேன். டீசல், ஐஸ், டிராக்டர் கூலி, ஏலக் கழிவு எல்லாம் போக மிஞ்சுவதைப் பங்கு போடும்போது, ஆளுக்கு ஒரு பங்கு போய்விடும். படகுக்கும் வலைக்கும் வரும் பங்கில்தான் கடனை அடைக்க வேண்டும். ஆள் கூடினால் படகுப் பங்கு இளைக்கும். நல்ல பாடு (மீன் நிறையக் கிடைப்பது) உள்ள நாளில் பெரிய படகு அள்ளிக்கொண்டு வரும், உண்மை. வருடத்தில் எத்தனை நாள் நல்ல பாடு என்று தம்பியையே சொல்லச் சொன்னேன். அவன் பதில் சொல்லாமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வலை கட்டுவதற்கு எடுத்திருந்த நைலான் நூலின் விலையை மட்டும் நான் தவறாகப் போட்டிருப்பதாக மறுநாள் வந்து சொன்னான். அப்படியானால் மற்றதெல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

28 அடி என்று முடிவான பிறகு காரைக்கால் பக்கம் படகு செய்யும் பட்டறைகளுக்குப் போனோம். அங்கே அப்பாவைப் பார்க்க வேண்டும். புதுப் படகு ஒன்றின் உள்ளே என்னை உட்காரச் சொல்லிவிட்டு, வெளியே வெயில் படும் பக்கத்தை உள்ளிருந்து பார்க்கச் சொன்னார். கண்ணாடி இழை மெல்லியதாக இருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியும். தடித்த இடம் இருட்டாகத் தெரியும். ஒரே பலகையில் வெளிச்சமும் இருட்டுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. இழைப்பாயை ஒரே சீராகப் போடவில்லை என்று அர்த்தம். பிறகு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து விலாப் பக்கம் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். ‘டக், டக்’ என்று கெட்டியாகக் கேட்டுக்கொண்டே வந்தது, ஓரிடத்தில் ‘டொப்’ என்றது. உள்ளே ரெசின் (இழைகளை ஒட்டும் பசை) ஊறாமல் காற்று நின்ற இடம். பட்டறைக்காரர், “அது ஒன்றும் செய்யாது ஐயா” என்றார். அப்பா நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பட்டறைக்கு நடந்துவிட்டார். யாருக்கும் குறை சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு. எழுந்து போவதுதான் அவர் பேச்சு.

அடுத்த பட்டறையில் அச்சில் இழை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரெசின் நெடி தலையைச் சுற்றியது. வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் மூக்கில் துண்டைக்கூடக் கட்டவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் வேலை சுத்தம். ஒவ்வொரு பாயையும் உருளையால் தேய்த்துக் காற்றை வெளியேற்றிய பிறகே அடுத்தது. முன்னும் பின்னும் மூடிய அறைகளுக்குள் மிதவைப் பொருள் அடைத்திருந்தார்கள். தண்ணீர் நிறைந்தாலும் படகு மிதக்கும். கட்டுமரத்து மனிதருக்கு அது பிடித்துப்போயிற்று.

எஞ்சினில் மட்டும் பெரிய சண்டை இல்லை. வெளியே மாட்டும் பெட்ரோல் எஞ்சின் இலகு, கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போகலாம். ஆனால் நீளவால் டீசல் எஞ்சினைச் சரிபார்க்க எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது, பதிவு செய்த படகுக்கு வரி விலக்கு டீசலும் கிடைக்கும். பழைய எஞ்சின் இன்னும் நன்றாக ஓடுகிறது. அதையே கழற்றி மாட்டப் போகிறோம்.

முன்பணம் கொடுக்கும்போது அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். அடிக்கட்டையில், மணலில் உராயும் இடத்தில் மட்டும் மூன்று பாய் கூடுதலாகப் போட வேண்டும். “எடை கூடுமே ஐயா, எடை குறைவாகத்தானே கேட்டீர்கள்?” என்றார் பட்டறைக்காரர். “அந்த இடத்தில் கூடட்டும். ஓரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்” என்றார் அப்பா. பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஓரத்தில் குறைக்க முடியாது, கூடுதல் பாய்க்குத் தனியாகப் பணம் வேண்டும் என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் பையைத் திறந்தேன்.

ஆவணியில் படகு வரும். அதற்குள் மீன்வளத் துறையில் பதிவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், பழைய படகின் எண்ணை ரத்து செய்ய வேண்டும். வண்ணம் என்ன என்று தம்பி மகனிடம் விட்டிருக்கிறோம். மஞ்சள் என்கிறான். அம்மா ஒப்பவில்லை.