இசட் நாற்காலி: கீழ்ப்பாதி நின்றுவிட்டது

விசித்திரமான நாற்காலிகளின் படங்களைச் சேர்த்து வைப்பது எனக்கு வெகுநாள் பழக்கம். அவற்றில் பார்த்து ரசிக்க மட்டும் சில உண்டு. ஜப்பானின் ஷிரோ குரமாதா 1988இல் அக்ரிலிக்குக்குள் செயற்கை ரோஜாக்களை மிதக்கவிட்டுச் செய்த நாற்காலி அப்படிப்பட்டது. மதுரை திருநகரில் மாடிப்படிக்கு அடியில் பட்டறை போட்டிருப்பவனுக்கு அது ஆகாத காரியம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி 1972இல் அட்டைகளை அடுக்கி ஒட்டிச் செய்த வளைவு நாற்காலியைச் செய்துவிடலாம்தான். ஆனால் கரையானுக்கு விருந்து வைக்க மனம் வரவில்லை. கடைசியில் கெரிட் ரீட்வெல்டிடம் வந்து நின்றேன்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துக்காரர். தச்சரின் மகன்; அப்பாவின் பட்டறையில் தொழில் பழகி, பிறகு கட்டடக் கலைஞரானவர். அவருடைய சிவப்பு நீல நாற்காலியைப் பலரும் படத்தில் பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது 1934ஐ ஒட்டி அவர் வடிவமைத்த ஜிக்ஜாக் நாற்காலி. மொத்தம் நான்கே பலகைகள். ஒன்று தரையில் படுத்திருக்கும். அதன் பின்விளிம்பிலிருந்து இரண்டாவது பலகை முன்பக்கமாகச் சாய்ந்து ஏறும். அந்த உச்சியிலிருந்து பின்னோக்கி வருவது இருக்கை; அதன் முடிவில் முதுகுப் பலகை. பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில இசட். கைப்பிடி, குறுக்குச் சட்டம் எதுவும் கிடையாது. உயரம் 74 சென்டிமீட்டர், அகலம் 37.

படத்தைக் காட்டிய இடத்திலெல்லாம் ‘உட்கார்ந்தால் மடங்கிவிடுமே’ என்றார்கள். நியாயமான சந்தேகம். உட்காருபவரின் பாரம் இருக்கையின் பின்பாதியை அழுத்தும்போது மேல்மூலை மூடப் பார்க்கும். அதே பாரம் சாய்ந்த பலகையை முன்னோக்கித் தள்ளுவதால் கீழ்மூலையும் மூடப் பார்க்கும். நாற்காலியின் உயிர் இந்த இரண்டு மூலைகளில்தான் இருக்கிறது. ரீட்வெல்டும் மூலையின் உட்புறத்தில் முக்கோணக் கட்டை வைத்து, போல்ட் போட்டுத்தான் முடுக்கியிருக்கிறார்.

மரம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சிம்மக்கல்லில் உறவினர் ஒருவர் பழைய வீட்டை இடித்தபோது பரண் பலகைகளைக் கேட்டு வாங்கிவந்தேன். தேக்கு; பல தலைமுறை வெயிலில் நன்றாகக் காய்ந்தது. இழைப்பதற்கு முன் பலகை முழுக்க ஒரு காந்தத்தைத் தடவிப் பார்ப்பது நல்லது. பழைய மரத்தில் தலை முறிந்த ஆணி எங்காவது புதைந்திருக்கும், இழைப்புளியின் வாய் அதில் பட்டால் போச்சு. ஆணி இல்லாவிட்டாலும் தேக்கில் இருக்கும் மணற்சத்து அலகை மழுக்கிக்கொண்டே இருக்கும். சாணைக்கல்லைக் கையோடு வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். 37 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே பலகை கிடைக்காததால் இரண்டிரண்டாக ஒட்டினேன்.

வேலை கடினமாவது விளிம்பில். இரண்டு பலகைகள் 45 பாகையில் சந்திக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றின் விளிம்பையும் 22½ பாகைக்குச் சீவ வேண்டும். ஒரு அங்குலக் கனமுள்ள பலகையில் அந்தச் சரிவு இரண்டரை அங்குலத்துக்கும் மேல் ஓடும். நுனியில் மரம் காகித கனத்துக்கு வந்துவிடும். ரம்ப மெஷினின் அலகு நட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் சாயாது. இதற்கு, 90இல் 22½ போக, 67½ வேண்டும். பலகையை நட்டமாக நிறுத்தி அறுக்கலாம் என்று நினைத்திருந்தேன். எங்கள் தெரு ஆசாரி பார்த்துவிட்டு, “மெஷினை விடுங்கள் தம்பி, சரிவுக்கட்டை ஒன்று செய்துகொண்டு கையால் இழையுங்கள்” என்றார். அந்தக் கட்டையையும் அவரே செய்து கொடுத்தார். பலகையை அதில் சாய்த்து வைத்து, இழைப்புளி கட்டையின் மீதே ஓடும்படி இழைத்தால் கோணம் தானாக அமைகிறது. நுனி பிய்யாமலிருக்க, கடைசி ஓரத்தில் ஒரு வீண்மரத் துண்டை ஒட்டக் கட்டிக்கொள்ள வேண்டும்.

முக்கோணக் கட்டையைப் பற்றி ஆசாரியோடு நீண்ட வாதம் நடந்தது. கட்டையின் ரேகை, அதாவது மரத்தின் நாரோட்டம், பலகையின் அகலத்தை ஒட்டி ஓடுகிறது. பலகையின் ரேகையோ அதற்குக் குறுக்கே. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். ரேகை வழியே ஏறக்குறைய அசையாது. இரண்டையும் முழு நீளத்துக்கு ஒட்டிவிட்டால் ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையில் ஏதாவது ஒன்று வெடிக்கும். “இவ்வளவு காய்ந்த தேக்கு எங்கே ஊதப்போகிறது” என்பது அவர் கட்சி. என் கட்சியே வென்றது: நடுவில் மட்டும் பசை, ஒரு திருகாணி, இரு ஓரத் திருகாணிகளுக்கும் நீள்துளை போட்டு வாஷர் வைத்தோம். அதற்குப் பதிலாக அவர் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். மீனாட்சியம்மன் கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்தில் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருக்கும் போதிகையை நினைத்துக்கொள்ளச் சொன்னார். பாரம் ஒரே கோட்டில் விழாமல் பரவ வேண்டும் என்று கட்டையை நான் வரைந்ததைவிட அகலமாக்கினார். தோற்றம் கொஞ்சம் தடித்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பசை காய்ந்த பிறகு 25 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றை இருக்கையில் அடுக்கினோம். பின்விளிம்பு ஆசாரியின் கணக்கில் இரண்டு நூல் இறங்கியது. என் ஸ்கேலில் 6 மில்லிமீட்டர். மூட்டைகளை இறக்கியதும் பழைய இடத்துக்கே வந்தது. பிறகு நான் உட்கார்ந்தேன். மெல்லிய வில்லாட்டம் ஒன்று தெரிகிறது. பிளாஸ்டிக்கில் ஒரே வார்ப்பாக 1967இல் விற்பனைக்கு வந்த, டென்மார்க் வடிவமைப்பாளர் வெர்னர் பாண்டனின் நாற்காலி இதே குடும்பம்தான். அங்கே மூட்டே கிடையாது என்பதால் அவருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

முதுகுப் பலகைதான் பாக்கி. ரீட்வெல்ட் அங்கே புறாவால் கோர்வை, அதாவது புறாவின் வால்போல் விரிந்த பற்கள் பள்ளத்தில் பூட்டிக்கொள்ளும் இணைப்பு, போட்டிருக்கிறார். பின்னால் சாய்கிறவர் பலகையை இருக்கையிலிருந்து பிய்க்கப் பார்ப்பார். ஆகவே விரிந்த வால்களை இருக்கையின் விளிம்பில் வெட்டி, அவை நுழையும் பள்ளங்களை முதுகுப் பலகையில் எடுக்கப்போகிறேன். பென்சில் கோடு போட்டாயிற்று. உளி பிடிக்கும்போது ஆசாரி பக்கத்தில் இருந்தால் நல்லது. அவருக்கோ ஆடி முடியும்வரை ஊர்த் தேரைப் பழுதுபார்க்கும் வேலை.