பன்னெண்டு புக்னு ஆரம்பிச்சு நாலாவதுல நிக்கிறேன்

ஜனவரில ஒரு வேகத்துல முடிவு பண்ணேன், இந்த வருஷம் கறுப்பின எழுத்தாளர்களோட புக் மட்டும்தான், அதுலயும் குயர் வாழ்க்கைய (ஆணுக்கு ஆண், பொண்ணுக்கு பொண்ணுன்னு வர்ற காதல் மாதிரி) எழுதுனதா பாத்து எடுக்கணும், மாசம் ஒண்ணுன்னு மொத்தம் 12. இப்போ செப்டம்பர். முடிச்சது மூணு, நாலாவது பாதில கிடக்கு. கணக்கு உதைக்குது, தெரியும்.

முதல்ல எடுத்தது ஜேம்ஸ் பால்ட்வினோட 'ஜியோவானிஸ் ரூம்'. ஒல்லி புக், மூணு நாள் போதும்னு நெனச்சேன், மூணு வாரம் ஆச்சு. மனுஷன் 1924ல நியூயார்க் ஹார்லெம்ல பொறந்தவர், 1948ல கைல வெறும் 40 டாலரோட பாரிஸ் போய் இறங்கினவர். 1956ல வந்த இந்த நாவல்ல முக்கியமான ஆளுங்க எல்லாருமே வெள்ளைக்காரங்க. எனக்கு சப்புனு ஆயிடுச்சு, இதுக்கா வந்தேன்னு. அப்புறம்தான் உறைச்சுது, அவர் என்ன எழுதணும்னு நானே ஒரு சிலபஸ் போட்டு வச்சிட்டு உக்காந்திருக்கேன். அவரோட முதல் நாவல போட்ட பப்ளிஷரும் இத வேண்டாம்னு தள்ளிட்டாங்களாம், வேற இடத்துலதான் வந்திருக்கு. கதை சொல்ற டேவிட்டோட காதலன் ஜியோவானிக்கு கில்லட்டின்தான், அதாவது தலைய வெட்டுற மரண தண்டனைதான்னு ஆரம்பத்துலயே சொல்லிடறார், அதனால என்ன ஆகும்னு பதட்டம் கிடையாது, டேவிட் தனக்குத்தானே எவ்வளவு பொய் சொல்லிக்கிறான்னு பாத்துட்டே போக வேண்டியதுதான்.

அடுத்தது ஆலிஸ் வாக்கரோட 'தி கலர் பர்ப்பிள்', 1982. பத்து பக்கத்துல மாட்டிக்கிட்டேன். 14 வயசு சீலி கடவுளுக்கு லெட்டர் எழுதுறா, அவ வீட்ல பேசுற இங்கிலீஷ்லயே, ஸ்பெல்லிங்கும் காதுல விழுற மாதிரிதான். நம்ம ஸ்கூல் இங்கிலீஷுக்கு கண்ணுல பாத்தா ஒண்ணும் பிடிபடல. ஒரு நாள் கடுப்புல வாய் விட்டு படிச்சேன் பாருங்க, அப்படியே புரியுது! பக்கத்து ரூம்ல இருந்து தங்கச்சி "யாருக்கா ஃபோன்ல, இவ்வளவு நேரமா அழுதுட்டு இருக்காங்க"ன்னு எட்டிப் பாத்தா. ஆடியோ புக்க ஆலிஸ் வாக்கரே படிச்சிருக்காங்க, அப்புறம் அதையும் போட்டு காதுல அது, கண்ணுல புக்னு போனேன். ஆச்சரியம் என்னன்னா சீலியோட தங்கச்சி நெட்டி ஆப்பிரிக்கால இருந்து எழுதுற லெட்டர் எல்லாம் சுத்தமான இங்கிலீஷ், ஈசியா ஓடுது, ஆனா எனக்கு அங்கதான் போர் அடிச்சுது. பாட்டுக்காரி ஷக் வந்ததும்தான் திரும்ப உயிர் வந்துச்சு, சீலி ஒருத்தர் மேல ஆசை வைக்கிறதே அவ மேலதான்.

மூணாவது ஆட்ரி லார்டோட 'ஜாமி', இதுவும் 1982தான். இதுவரைக்கும் படிச்சதுல எனக்கு இதுதான் டாப்பு. வாழ்க்கை வரலாறு, புராணம் ரெண்டையும் கலந்து பயோமித்தோகிராஃபின்னு அவங்களே ஒரு பேர் வச்சிருக்காங்க. அப்பா அம்மா கரீபியன்ல இருந்து வந்தவங்க, அம்மா எட்டாத தூரத்த "ஹாக்ல இருந்து கிக் எம் ஜென்னி வரைக்கும்"னு சொல்லுவாங்களாம், அது ரெண்டும் கிரெனடா பக்கத்துல இருக்குற குட்டிப் பாறைத் திட்டுன்னு லார்டுக்கு வளந்தப்புறம்தான் தெரியுது. அம்மா ஊர்ல இருந்து கொண்டு வந்த மர உரல் ஒண்ணு வருது, வெளிப்பக்கம் பழமா செதுக்குனது, அதுல பூண்டு உப்பெல்லாம் போட்டு கறிக்கு இடிக்கிறது பக்கம் பக்கமா போகுது. அதுவும் என்னிக்கு, வயசுக்கு வந்த அன்னிக்கு! எங்க வீட்ல அன்னிக்கு கிச்சன் வாசப்படி கூட மிதிக்க விடல, மூலைல தட்டு டம்ளரோட உக்கார வச்சாங்க. அந்த சேப்டர ரெண்டு தடவ படிச்சேன். ஜாமின்னா கேரியக்கூ தீவுல, சேந்து வேலை செஞ்சு தோழியாவும் காதலியாவும் இருக்குற பொண்ணுங்களுக்கு சொல்ற பேராம்.

இப்போ கைல இருக்குறது பெர்னார்டீன் எவாரிஸ்டோவோட 'கேர்ள், வுமன், அதர்', 2019 புக்கர் பிரைஸ பாதி வாங்குனது (மீதி மார்கரெட் ஆட்வுட்டுக்கு). முற்றுப்புள்ளியே அபூர்வம், கவிதை மாதிரி வரி ஒடைஞ்சு ஒடைஞ்சு போகுது. இதையும் வாய் விட்டுதான் படிக்கிறேன், பழகிடுச்சு. முதல் கேரக்டர் லண்டன்ல நாடகம் போடுற லெஸ்பியன் டைரக்டர், பேரு அம்மா. நிஜமாத்தான். "அம்மா மேடை ஏறப் போறா"ன்னு தங்கச்சிகிட்ட கதை சொன்னா அவ நம்ம அம்மாவ திரும்பிப் பாக்குறா. மொத்தம் 12 பேரோட கதை, நான் அஞ்சாவது ஆள் பும்மிகிட்ட இருக்கேன், நைஜீரியால கணக்குல டிகிரி வாங்கிட்டு லண்டன்ல கிளீனிங் வேலைக்கு போறவங்க. இன்னும் ஏழு பேர் இருக்காங்க.