ஃபில்டரில் சேரும் 360 மைக்ரோகிராம்

டக்ளஸ் டாக்கரி குழு 1993இல் வெளியிட்ட காற்று மாசு ஆய்வு: ஆறு அமெரிக்க நகரங்கள், 8,111 பேர். புகைப்பழக்கத்தைக் கணக்கில் கழித்த பிறகும், மாசு மிகுந்த ஸ்டூபன்வில்லில் இறப்பு விகிதம் மாசு குறைந்த போர்ட்டேஜைவிட 26% அதிகம்.

இத்தகைய ஆய்வுக்கு அடித்தளமே துகள் அளவீடுதான். 47 மி.மீ. டெஃப்லான் ஃபில்டர் வழியே நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் இழுத்தால் 24 கன மீட்டர் காற்று. உலக சுகாதார நிறுவனத்தின் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்) ஒருநாள் வரம்பான கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமில், ஃபில்டரில் சேர்வது வெறும் 360 மைக்ரோகிராம்! அதனால் எடை போடும் முன்னும் பின்னும் ஒரே வெப்பத்தில், ஒரே ஈரப்பதத்தில் ஃபில்டரை ஒரு நாள் வைத்தே ஆகணும். நிலைமின்சாரத்தை நீக்காவிட்டால் தராசில் எண் நிற்காது. விரல் படவே கூடாது, இடுக்கிதான். பம்ப் வேகம் குறைந்தால் இன்னும் மோசம்: பெரிய துகளைத் தடுக்கும் நுழைவாய் சரியாகப் பிரிக்காது, பெரிய துகளும் உள்ளே வந்துவிடும்.