பொறுப்பு கைமாறும் நேரம்

நேற்று எங்கள் கல்லூரி ஜெபக்குழுவின் புதிய பொறுப்பாளர்களுக்காக ஜெபித்தோம். மூவரும் இருபது வயதைத் தாண்டாதவர்கள். "இவ்வளவு சின்ன வயசிலா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

மாணவர் ஊழியம் தொடக்கத்திலிருந்தே மாணவர் கையில் வளர்ந்ததுதான். 1806-இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர், மழைக்கு ஒரு வைக்கோற்போரின் அருகே ஒதுங்கி ஜெபித்தார்கள். அந்நாட்டின் முதல் வெளிநாட்டு மிஷனரி சங்கம் 1810-இல் உருவானதற்கு வித்து அந்த ஜெபம்.

நாங்கள் மேடைப் பேச்சைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. தனியாக இருக்கும்போதும் வேதம் வாசிக்கிறாரா, ஓரமாக நிற்கும் முதலாண்டு மாணவரிடம் போய் உட்காருகிறாரா, தவறு செய்தால் மன்னிப்புக் கேட்கிறாரா என்றுதான் பார்த்தோம். எல்லோரும் ஒரே சபை இல்லை. ஞானஸ்நானம் பற்றி இன்னமும் எங்களுக்குள் ஒத்துப்போகாது. சரி, அது இருக்கட்டும். யோவான் 13-இல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவினாரே, தலைமை என்றால் அதுதான் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

கூட்டம் முடிந்ததும் புதிய பொறுப்பாளரான தங்கை, யாரும் சொல்லாமலே நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மூவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.