கேடலிடிக் கன்வெர்ட்டரின் வாயில் தொலையும் அழுத்தம்

கேடலிடிக் கன்வெர்ட்டர் என்பது கார்ப் புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் பெட்டி. அதில் புகை குறுகலான குழாயில் வந்து, கூம்பில் விரிந்து, தேனடை போன்ற பீங்கான் கட்டிக்குள் நுழைகிறது. பரவலாகக் கிடைக்கும் கட்டியில் சதுர அங்குலத்துக்கு 400 கண்கள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலம். கூம்பு சட்டென்று அகன்றால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து நடுவில் பீய்ச்சும், ஓரத்துக் கண்களில் சாய்வாக நுழையும். அந்தச் சாய்வு எவ்வளவு அழுத்தத்தைத் தின்கிறது என்று பார்க்கத்தான் கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில் இந்த வேலை.

பொள்ளாச்சி பழைய இரும்புக் கடையில் உடைந்த கட்டி கிடைத்தது. "உதிர்ந்துருமுங்க தம்பி, தண்ணி விட்டு அறுக்கோணும்" என்று சொல்லி லேத்துக்கார அண்ணன் 25 மி.மீ. வில்லையாக அறுத்துக் கொடுத்தார். தூசும் பறக்கவில்லை. நீளக் கட்டியில் உராய்வே பெரிதாக நின்று மற்றதை மறைத்துவிடும், அதனால்தான் வில்லை.

பிளோயர், பிவிசி குழாய், வில்லைக்குள் காற்று சாய்வாக நுழையும்படி 30, 45 டிகிரியில் சாய்த்து வெட்டிய முனைகள். அழுத்தம் பார்க்க, கொத்தனார் மட்டம் பிடிக்கும் டியூப். ஒரு முனையை அகலமான பாட்டிலில் விட்டு, மறுமுனையை பத்துக்கு ஒன்று சரிவில் சாய்த்துக் கட்டினால் 1 மி.மீ. நீர் ஏற்றம் டியூபில் 1 செ.மீ. நகர்வாகத் தெரியும்.

முக்கியமான இடம் இதுதான்: குழாய்ச் சுவரில் ஓட்டை போட்டு அளந்தால் சாய்வின் இழப்பு கண்ணிலேயே படாது. தொலைவது பக்கவாட்டு வேகத்தின் அழுத்தம், அதைச் சுவர் ஓட்டை காட்டாது. அதனால் காற்றை எதிர்த்துப் பார்க்கும்படி வளைத்த பித்தளைக் குழாய் வைத்தேன்.

கட்டியை நோக்கி நேராகப் போகும் வேகத்தை நொடிக்கு 10 மீட்டரில் நிறுத்தினால், கணக்குப்படி வில்லையின் உராய்வு தின்னும் அழுத்தம் சுமார் 14 மி.மீ. நீர் ஏற்றம். சாய்வுக்காக 30 டிகிரியில் கூடுவது 2 மி.மீ., 45 டிகிரியில் 6, 60-க்குப் போனால் 18. டியூபில் 30 டிகிரி ஏற்றம் லேசாகத்தான் தெரிந்தது. 45-இல் நீர் தயங்காமல் ஏறி, கணக்குக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, வேகம் அளக்கும் அனிமோமீட்டரை ஆட்டிவைக்கும், ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் அளக்க முடிந்தது.

ஆனால் இது குளிர்ந்த காற்று. 700 டிகிரி செல்சியஸ் புகையில் அடர்த்தி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, பாகுநிலை (ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கும் பிசுபிசுப்பு) இரண்டு மடங்குக்கு மேல். அதே வேகத்தில் உராய்வு ஏறும், சாய்வின் இழப்பு இறங்கும். பட்டறை அளவை அப்படியே காருக்குப் போட்டுவிடக் கூடாது.

அடுத்து அசல் கூம்பையே மாட்டி, கட்டியின் பின்பக்கம் நடுவிலும் ஓரத்திலும் வேகம் அளக்கப் போகிறேன்.