ஹெட்டைக் கழற்றலாமா: மே மாதக் குறிப்புகள்

2025 மே 4, ஞாயிறு

கத்திரி இன்றுதான் தொடங்கியது. மதுராந்தகத்தில் சித்தி வீட்டு விசேஷத்தை முடித்துக்கொண்டு திரும்பும்போது பரனூர் டோல்கேட்டில் நீண்ட வரிசை. வண்டியில் நாலு பேர், ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனதை நான் கவனிக்கவில்லை. பின் சீட்டிலிருந்து அம்மாதான், "தம்பி, வெல்லப்பாகு காய்ச்சற மாதிரி வாடை வருது பாரு" என்றார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் வாடை அது. பானட்டைத் திறந்தால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவே இல்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்ளும், நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி.

ஓரம்கட்டி ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி ஓட்டினேன். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் முள் மறுபடி ஏறியது. இப்படியே நின்று நின்று பெருங்களத்தூர் வந்து சேர மணி பத்து. முதல் தடவை நின்றபோதே டோ வண்டியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எஞ்சினுக்குக் கெடுதல் நடந்தது டோல்கேட்டிலா, அதற்கப்புறம் நான் ஓட்டிய தூரத்திலா என்பதுதான் இப்போது மனதைக் குடைகிறது.

மே 5, திங்கள்

காலையில் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஆயில் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் காபி மேல் படியும் ஆடை போல வெளிறிய பழுப்பில் ஒரு பசை. ஆயிலோடு தண்ணீர் கலந்தால் இப்படித்தான் ஆகும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் நிறம் இன்னும் மாறவில்லை, அதில் ஒரு சின்ன ஆறுதல். ரேடியேட்டர் மூடி இல்லாமல் ஒரு நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். தண்ணீரில் விடாமல் குமிழி. எரிந்த வாயு கூலன்ட் வழியில் புகுந்துவிட்டது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அதற்குக் கீழே சிலிண்டர்கள் உள்ள ப்ளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் போயிருக்கலாம்.

தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் வந்து பார்த்துவிட்டு ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்ய 18,500 ரூபாய் என்றார்கள். அதிகம் என்று சொல்ல மாட்டேன், வேலை அப்படி. "பத்து நாள் ஆகும். இல்லேன்னா வித்துடுங்க சார், 2004 வண்டிதானே" என்றார் மூத்த மெக்கானிக். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இது அப்பா வாங்கிய மாருதி 800. போன வருடம்தான் இரண்டாவது தடவையாக ஆர்.சி. புதுப்பித்து 2029 வரை வாங்கி வைத்திருக்கிறேன்.

நாமே செய்தால் என்ன என்று அப்போதுதான் முதலில் தோன்றியது. பிரேக் ஷூ மாற்றியிருக்கிறேன், வாட்டர் பம்ப் மாற்றியிருக்கிறேன். ஹெட்டைக் கழற்றியதில்லை.

மே 7, புதன்

திறக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால் என்ன கெட்டிருக்கிறது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். ஆபீஸ் நண்பரிடம் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இரவல் வாங்கினேன். பெட்ரோலையும் பிளக்குக்குப் போகும் கரண்டையும் நிறுத்திவிட்டு, மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளந்தேன். முதலாவதில் 165 பி.எஸ்.ஐ. இரண்டாவதில் 95. மூன்றாவதில் 90.

நம்ப முடியாமல் திரும்பவும் அளந்தேன். அதே கணக்கு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டரும் சேர்ந்து இறங்கியிருந்தால் நடுவில் உள்ள மெல்லிய இடத்தில் கேஸ்கெட் போயிருக்கிறது என்று அர்த்தம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கொஞ்சம் ஆயில் விட்டு அளக்கும்போது அளவு ஏற வேண்டும். விட்டுப் பார்த்தேன், ஏறவில்லை. ஆக வேலை ஹெட்டுக்குக் கீழே இல்லை. இந்த ஒரு மணி நேர அளவெடுப்பு இல்லாமல் முடிவு செய்திருந்தால் அது குருட்டு முடிவாகத்தான் இருந்திருக்கும்.

மே 8, வியாழன்

டேஷ்போர்டு அறையில் அப்பாவின் சின்ன நோட்டு. பெட்ரோல் போட்ட ஒவ்வொரு நாளும், கிலோமீட்டரும், லிட்டரும் நீல மையில். எழுத்து கடைசிப் பக்கங்களில் நடுங்கியிருக்கிறது. தேடியது கிடைத்தது: "டைமிங் பெல்ட் மாற்றியது, 62,480 கி.மீ., 2013." பன்னிரண்டு வருடம். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் இந்த ரப்பர் பெல்ட்டுக்கு ஓடிய தூரம் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. ஹெட்டைக் கழற்ற எப்படியும் அந்த பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். புதிது போட்டுவிடலாம்.

நோட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

மே 9, வெள்ளி

இரவு மனைவி கேட்டாள்: "என்னங்க, பாதியில நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?" இந்த விஷயத்தில் இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அம்மாவை ஜூன் 3-ம் தேதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். அதுவரை வண்டி இல்லாவிட்டாலும் ஓடும், எனக்கு ஆபீஸுக்கு ரயில் இருக்கிறது. ஜூன் 3 அன்றும் வண்டி தயாராகவில்லை என்றால் டாக்ஸி. அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். வண்டியை நம்பித்தான் மறுநாள் பிழைப்பு என்று இருப்பவர் இந்த வேலையை வீட்டில் தொடவே கூடாது. அவசரத்தில் முடுக்கும் போல்ட்தான் முறியும்.

மே 11, ஞாயிறு

வில்லிவாக்கத்திலிருந்து பெரியப்பா வந்தார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை, என் டூல் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"டார்க் ரெஞ்ச் எங்கடா?"

"இல்லை பெரியப்பா. வாங்கணும்."

"ஃபீலர் கேஜ்?"

"இருக்கு."

"ஸ்ட்ரெயிட் எட்ஜ்?"

ஃபீலர் கேஜ் என்பது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள், ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்பது பரப்பு சமமா என்று பார்க்கும் நேர்ப்பட்டை. என்னிடம் இருந்த இரும்பு ஸ்கேலைக் காட்டினேன். வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "இது கோடு போடத்தான் ஆகும். அளக்க ஆகாது. நம்ம வீட்டுல இருக்கறதை எடுத்துட்டு வரேன்."

அப்புறம் டீ குடித்துக்கொண்டே அவர் கேட்டதுதான் எனக்கு வழிகாட்டியது. "நீ செய்யற வேலை சரியா இருக்கான்னு வண்டி ரோட்டுக்குப் போறதுக்கு முன்னால நீயே பார்த்துக்க முடியுமா? எதைப் பார்த்துக்க முடியுமோ அதைச் செய். முடியாததைக் கடைக்குக் குடு."

அந்தக் கேள்வியை வைத்து வேலையைப் பிரித்துப் பார்த்தேன். கழற்றுவதும் சுத்தம் செய்வதும் என்னால் ஆகும். ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளக்கலாம். வளைந்திருந்தால் சமமாக்க முடியாது, அது ஃபேஸிங் கடையின் வேலை. வால்வு உட்காரும் இடமும் அவர்கள் பாடு. திரும்பப் பூட்டும்போது போல்ட்டின் இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் சொல்லும். பெல்ட் சரியாக உட்கார்ந்ததைக் காட்டும் டைமிங் குறி கண்ணுக்குத் தெரியும், பெல்ட் மாட்டியபின் எஞ்சினைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி மறுபடி குறியைப் பார்க்கலாம்.

வண்டிக்குக் கீழே படுக்கும் வேலை அதிகம் இல்லை என்பதும் முக்கியம். இதே வண்டிக்கு கிளட்ச் போயிருந்தால் வீட்டில் செய்ய மாட்டேன். கியர்பாக்ஸை இறக்க வேண்டும், எஞ்சினைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், போர்டிகோ தரையில் ஜாக்கியை நம்பி அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

நிறுத்தும் இடத்தையும் இன்றே முடிவு செய்தோம். ஹெட்டைக் கழற்றியதும் ப்ளாக்கின் மேல்பரப்பை அளப்பது. அதுவும் வளைந்திருந்தால், இல்லை சிலிண்டர் நடுவில் வெடிப்பு தெரிந்தால், அதோடு கையைத் துடைத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு டோ செய்வது.

சரி. செய்கிறேன்.

மே 14, புதன்

அரைநாள் லீவு போட்டு, வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோடு போனேன். கேஸ்கெட் செட், டைமிங் பெல்ட், டென்ஷனர், தெர்மோஸ்டாட், ஃபேனை ஓட்டும் தெர்மோ சுவிட்ச், கூலன்ட், ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 5,900. டார்க் ரெஞ்ச் 3,400. 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டிக்குக் கேட்ட பாகம் எல்லாம் ஒரே கடையில், பத்து நிமிடத்தில் கிடைத்தது. இவ்வளவு சுலபமாகப் பாகம் கிடைக்காத வண்டியாக இருந்தால் என் முடிவு மாறியிருக்கும்.

சுவிட்சை வீட்டில் வெந்நீரில் போட்டு மல்டிமீட்டரில் பார்த்தேன். நன்றாகச் சூடானதும் "பீப்". பழையதைக் கழற்றி அதே வெந்நீரில் போட்டேன். சத்தமே இல்லை. இவ்வளவுக்கும் காரணம் இந்தச் சுண்டுவிரல் அளவுப் பித்தளைத் துண்டு.

மே 17, சனி

காலை ஆறு மணிக்கே தொடங்கினோம். அலுமினிய ஹெட்டைச் சூட்டோடு கழற்றினால் வளைந்துவிடும், அதனால் முந்தின நாளிலிருந்தே வண்டியைத் தொடவில்லை. பேட்டரியின் நெகடிவ் முனை முதலில். வடித்த கூலன்ட்டை மூடி போட்ட கேனில் பிடித்தேன். அது இனிக்கும் விஷம், தெரு நாயும் பூனையும் நக்கிவிடும். சிந்தியதையும் உடனே கழுவிவிட்டோம்.

ஒவ்வொரு குழாயையும் கழற்றுவதற்கு முன் போட்டோ. மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி இரண்டு முனையிலும் ஒட்டல். ஹெட் போல்ட்களுக்கு ஷூ பெட்டி அட்டையில் அதே வரிசையில் துளை போட்டுச் செருகினேன். வெளி ஓரத்திலிருந்து உள்பக்கமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ஒரு போல்ட் மட்டும் அசையவில்லை. நான் பைப் போட்டு நீட்டப் போனேன். பெரியப்பா கையைப் பிடித்தார். பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு அரைமணி காத்திருந்தோம். அப்புறம் "டக்" என்று விட்டுக்கொடுத்தது.

ஹெட்டைத் தூக்கியபோது மணி மூன்று. கேஸ்கெட்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் கரி பிடித்து, நகம் நுழையும் அளவுக்கு அரித்திருந்தது. கேஜ் பத்து நாள் முன்னால் சொன்ன அதே இடம்.

மே 18, ஞாயிறு

ஹெட்டின் அடிப்பரப்பைத் துடைத்து, பெரியப்பாவின் ஸ்ட்ரெயிட் எட்ஜைக் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் வைத்தோம். மேனுவல் 0.05 மில்லிமீட்டர் வளைவு வரைக்கும்தான் அனுமதிக்கிறது. நடுவில் ஃபீலர் கேஜின் 0.10 தகடு வழுக்கிக்கொண்டு போனது, 0.15 போகவில்லை. கண்ணுக்கு அந்த ஹெட் கண்ணாடி மாதிரி சமமாகத்தான் தெரிகிறது. கண்ணை நம்பி அப்படியே புது கேஸ்கெட் போட்டிருந்தால் ஒரு மாதத்தில் மறுபடி பரனூர்.

ப்ளாக்கை அளக்கும்போது என் கை நடுங்கியது. 0.05 தகடு எங்கேயும் நுழையவில்லை. வெடிப்பும் இல்லை. நிறுத்த வேண்டியதில்லை.

மே 20, செவ்வாய்

ஹெட்டைச் சாக்கில் சுற்றி புதுப்பேட்டையில் ஃபேஸிங் கடைக்கு எடுத்துப்போனேன். வெடிப்பு சோதனை, ஃபேஸிங், வால்வு கிரைண்டிங், புது வால்வு சீல், எல்லாம் 2,600. திரும்ப வாங்கும்போது கடைக்காரர் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுக் குழிகளில் பெட்ரோல் ஊற்றி, பத்து நிமிடம் என்னை நிற்கவைத்துக் காட்டினார். ஒரு சொட்டு கீழே கசியவில்லை.

மே 24, சனி

இன்று நேரம் அதிகம் போனது போல்ட் துளைகளில்தான். துளைக்குள் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது அமுங்காது, டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும், ப்ளாக்கே விரிசல் விடலாம். சிரிஞ்சில் உறிஞ்சி, துணி சுற்றிய குச்சியால் ஒவ்வொன்றையும் துடைத்தோம்.

கேஸ்கெட்டை மேல்கீழ் பார்த்து வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முடுக்கினேன். முதல் சுற்று 20 நியூட்டன் மீட்டர், அடுத்தது 40, கடைசியாக மேனுவலில் உள்ள முழு அளவு. பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு "க்ளிக்" சத்தத்துக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டார். அப்பாவின் நோட்டு அது. பக்கம் காலியாக இருந்ததால் நான்தான் கொடுத்தேன்.

பெல்ட் மாட்டி, கையால் இரண்டு சுற்று. குறிகள் நேருக்கு நேர் வந்து நின்றன. வால்வுகளுக்கான டேப்பெட் இடைவெளியைச் சரியாக வைத்து முடிக்க இருட்டிவிட்டது. ஸ்டார்ட் செய்ய ஆசைதான். களைப்பில் ஏதாவது விட்டிருப்போம் என்று பெரியப்பா சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

மே 25, ஞாயிறு

காலையில் பார்த்தால் ஹீட்டர் குழாயில் ஒரு கிளிப் இறுக்காமல் இருந்தது. இறுக்கினேன். கூலன்ட் நிரப்பி, காற்று வெளியேறவிட்டு, சாவியைத் திருப்பினேன். முதலில் சிந்தின ஆயில் கருகிய புகை வந்து அடங்கியது. ரேடியேட்டரில் குமிழி இல்லை. முள் மெதுவாகப் பாதிக்கு ஏறி நின்றது. நாங்கள் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் ஃபேன் விர்ரென்று தானாகச் சுற்றியது. அம்மா வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

செலவு மொத்தம் 11,900. எட்டு நாள் சனி, ஞாயிறு, லீவு எல்லாம் போனது. கூலியைக் கணக்குப் போட்டால் மிச்சம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பெரியப்பா வராமல் இருந்திருந்தால் இதைத் தொட்டிருக்க மாட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மே 28, புதன்

மூன்று நாளாக வண்டலூர் வரை போய் வருகிறேன். கம்ப்ரஷன் மறுபடி எடுத்தேன்: 165, 160, 160. ஆயில் மூடியின் உள்பக்கம் சுத்தமாக இருக்கிறது. ரிசர்வ் டப்பாவில் மார்க்கரால் போட்ட கோட்டிலிருந்து கூலன்ட் இறங்கவில்லை. நோட்டில் கிலோமீட்டரை எழுதினேன், அப்பா எழுதுவது போலவே நீல மையில்.

ஜூன் 3-க்கு டாக்ஸி வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று.