லைக் போட்டவர்களும் புத்தகம் வாங்கியவர்களும்

முகநூலில் அட்டைப்படத்தைப் போட்ட அன்று விழுந்த லைக் எல்லாம் விற்பனையாக இருந்திருந்தால், நான் அச்சடித்த 300 பிரதியும் அந்த வாரமே காலியாகியிருக்கும். வாங்கியவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் பாதிப் பேருக்கு முகநூல் கணக்கே கிடையாது. சொந்தமாகப் புத்தகம் போடப் போகிறேன் என்று யாராவது வந்து கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

என் நாவல் புதுமண்டபத்துத் தையல்காரர்களைப் பற்றியது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தூணுக்குத் தூண் தையல் மெஷின், வளையல், பாத்திரம், பழைய பாடப்புத்தகம் என்று கால் வைக்க இடம் இருக்காது. இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் பெரியப்பா அங்கே மெஷின் போட்டிருந்தவர்.

பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்துக் கிடக்கப் பொறுமை இல்லை, நானே போட்டேன். புத்தகத்துக்கு அடையாளமாகப் போடும் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுப்பது டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. 'நாங்க வாங்கித் தர்றோம்' என்று அதற்கும் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள், உஷார்.

முகநூலுக்கு வருகிறேன். தமிழில் எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருக்கிறோம். சிக்கலும் அதுதான். எழுதுகிறவர் போட்டதற்கு இன்னொரு எழுத்தாளர் லைக் போடுவார், மூன்றாமவர் 'வாழ்த்துகள் தோழர்' என்பார். மூவர் வீட்டுப் பரணிலும் விற்காத சொந்தப் புத்தகக் கட்டு இருக்கும். நட்புப் பட்டியலுக்கு உச்சவரம்பு 5,000 பேர். அந்த 5,000 இடமும் எழுத்தாளர்களாலேயே நிரம்பிவிட்டால் வாசகர் எங்கே உட்காருவார்? 'விலை 220, இந்த எண்ணுக்கு ஜிபே பண்ணுங்க' என்று நான் போட்ட அறிவிப்புகள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

சித்திரைத் திருவிழா நெருங்கும்போது வேறு மாதிரி ஒன்று எழுதினேன். அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடுப்பு இருக்கிறதே, அந்தச் சல்லடத்தையும் (அரைக்கால்சட்டை) உருமாலையும் (தலைப்பாகை) புதுமண்டபத்தில் எப்படி அளவெடுத்துத் தைப்பார்கள், கடைசி ராத்திரி வரை மெஷின் எப்படி ஓடும், சரிகை வைப்பதில் யார் கை சுத்தம் என்று பெரியப்பா சொன்னதை அப்படியே எழுதிவைத்தேன். புத்தகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. யார் யாரோ வந்து எழுதினார்கள். ஒருவர் தன் தாத்தாவின் கத்தரிக்கோலைப் படம் எடுத்துப் போட்டார். 'எங்க குடும்பத்துல மூணு தலைமுறையா அந்தத் தூண்லதான் தைச்சோம்' என்று செல்லூர்க்காரர் ஒருவர். 'இதெல்லாம் வச்சு ஒரு புத்தகம் போடலாமேக்கா' என்று ஒரு தம்பி கேட்ட பிறகுதான் 'போட்டாச்சுப்பா' என்று விலையைச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் அறிவிப்பு எழுதுவதில்லை.

இன்ஸ்டாகிராமில் எனக்குப் பெரிதாக ஓடவில்லை. படத்தின் கீழே எழுதும் இடத்தில் சுட்டி கொடுத்தால் அதை அழுத்த முடியாது, நம் பக்கத்தின் மேலே இருக்கும் பயோவுக்குப் போய்த்தான் அழுத்த வேண்டும். ஐம்பது வயது வாசகரை அங்கே வரவழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அமேசானின் கிண்டிலில் மின்னூலாகப் புத்தகம் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு உண்டு. அவர்களுடைய 'செலக்ட்' என்ற திட்டத்தில் சேர்ந்தால்தான் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி கிடைக்கும், சேராவிட்டால் 35. சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது, மாதிரிக்கு பத்து சதவீதம் காட்டலாம், அவ்வளவுதான். அத்தியாயங்களை என் இஷ்டத்துக்குப் பகிர வேண்டும் என்பதால் 35 போதும் என்று விட்டுவிட்டேன்.

என் வாசகர்கள் கிடைத்த இடம் வாட்ஸ்அப். அதுவும் நானாகக் கண்டுபிடித்தது கிடையாது. பெரியப்பாவின் சேக்காளி ஒருவர் இன்னும் குன்னத்தூர் சத்திரத்தில் தைக்கிறார். அவரிடம் ஒரு பிரதி கொடுக்கப் போனபோது அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கிட்டுத் தாயி படிக்க? கண்ணு ஊசியிலயும் துணியிலயும் கிடக்கு. காதுதான் சும்மா இருக்கு" என்றார்.

அன்று ராத்திரியே முதல் அத்தியாயத்தை வாசித்துப் பதிவு செய்தேன். அலங்காரமெல்லாம் இல்லை. நாவலில் பேச்சு எப்படி வருகிறதோ அப்படியே, மதுரைப் பேச்சாக. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூடிய அறையில், போனிலேயே. ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் போனால் யாரும் முழுசாகக் கேட்பதில்லை என்பது பிறகு பிடிபட்டது.

எப்படி அனுப்புவது என்பதில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. குழு ஆரம்பித்தால் ஒருவர் எண் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறிவிடுவார்கள், நியாயம்தான். சேனல் வைத்தால் எண் தெரியாது, ஆனால் வாசகர் ஒரு எமோஜி பொம்மையைத் தட்டுவதோடு சரி, பதில் பேச முடியாது. எனக்கு வேண்டியதே பதில்தான். கடைசியில் பிராட்காஸ்ட் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது, பதில் எனக்கு மட்டும் வரும். ஒரே நிபந்தனை, நம் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போய்ச் சேராது. அதனால் சேரும் ஒவ்வொருவரிடமும், "அண்ணே, புதுமண்டபம்னு பேர் போட்டு நம்பரை சேவ் பண்ணிக்கங்க" என்று சொல்லிவிடுவேன். சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். தனி சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொண்டேன். 'பணம் வந்தது', 'அனுப்பியாச்சு' என்று லேபிள் ஒட்டலாம், ராத்திரி ஒன்பதுக்கு மேல் தானாகவே பதில் போகும்படி வைக்கலாம். 'சாப்டீங்களா மேடம்' ஆட்களுக்கும் அந்தத் தானியங்கிப் பதிலே போகும். பெண்ணாக எழுதுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பதில்கள் குரலாகவே வந்தன. பின்னால் மெஷின் சத்தம், பஸ் ஹாரன், குழந்தை அழுகை எல்லாம் சேர்ந்து. திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர், தான் புதுமண்டபத்தில் காஜா (பட்டன் துளை) எடுக்கும் பையனாக இருந்ததைச் சொன்னார். முதல் வருசம் பூராவும் பிசிறு வெட்டுவதும் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி ஊதுவதும்தானாம், காஜா ஊசியையே கண்ணில் காட்டவில்லையாம். எந்த விமர்சகரும் எனக்குக் கொடுக்காத குறிப்பு. அடுத்த நாவலில் அவர் அனுமதியோடு வருகிறது.

ஏழாவது அத்தியாயத்தோடு நிறுத்தி, மிச்சம் புத்தகத்தில் என்றேன். இரண்டு பேர் திட்டினார்கள். மற்றபடி ஆர்டர் வரத் தொடங்கியது அப்போதுதான். ஆர்டர் போட்டவர் பெரும்பாலும் கேட்டவராக இல்லை. அவர் மகள், மருமகள், வெளிநாட்டில் இருக்கும் மகன். 'அப்பாவுக்கு அனுப்பிருங்க, பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டு' என்பார்கள். இலக்கியத்துக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இருக்காது.

அனுப்புவதற்கு இப்போது தபால்துறையின் ஞான் போஸ்ட் வசதியாக இருக்கிறது. 2025 மே மாதம் வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், ஆனால் எங்கே போகிறது என்று எண்ணை வைத்துப் பார்க்கலாம். அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும், சொந்தப் பதிப்புக்காரர்கள் இதை விட்டுவிடக் கூடாது. ரசீதைப் படம் எடுத்து வாசகருக்கு அனுப்பிவிட்டால் 'வரலையே' என்ற போன்கள் குறையும்.

தமுக்கம் புத்தகத் திருவிழாவில் நண்பர் ஒருவரின் கடையில் ஓரமாக என் புத்தகத்தை வைத்திருந்தேன். கடை எண்ணைக் குரலிலேயே சொல்லி அனுப்பினேன். வந்தவர்கள் அட்டையைப் பார்க்கவில்லை, நான் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுத் திரும்பி, "யக்கா, நீங்கதானா அது?" என்றார்கள்.

இன்னமும் யாராவது 'பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க மேடம்' என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். முன்பு சண்டை போடுவேன். இப்போது அவர்களுக்கென்று ஒரு லேபிள் வைத்திருக்கிறேன், முதல் அத்தியாயக் குரலை அனுப்பிவிடுகிறேன். சிலர் வாங்குகிறார்கள். மற்றவர்கள் இரண்டாவது அத்தியாயம் கேட்கிறார்கள்.